தகடு முழுசாக இருக்கிறது, தொட்டி ஒழுகுகிறது

கேள்வி: ஐயா, வணக்கம். ஓர் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். 4 மி.மீ. தகட்டில் 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தண்ணீர்த் தொட்டி ஒன்று போட்டு இருபது மாதம்தான் ஆகிறது. அடித்தகட்டில் மூன்று இடத்தில் ஊசி குத்தியது போல ஓட்டை விழுந்து கசிகிறது. அல்ட்ராசோனிக் கருவியால் தடிமன் பார்த்தால் எங்கே வைத்தாலும் 3.9, 4.0 என்றே காட்டுகிறது. மேன்ஹோல் மூடியின் கேஸ்கெட்டைக் கழற்றினால் அடியில் சொறிசொறியாக அரித்திருக்கிறது. வெல்டிங்கை ஒட்டிப் பழுப்புக் கோடு ஓடுகிறது. தண்ணீர் வெளியேற்றும் பித்தளை வால்வு செம்பு நிறத்துக்கு மாறி, கத்தியால் சுரண்டினால் உதிர்கிறது. மாதம் ஒருமுறை பிளீச்சிங் கரைசல் ஊற்றித் தொட்டியைச் சுத்தம் செய்கிறோம். சில இடங்களில் காந்தம் ஒட்டுகிறது. மட்டமான தகட்டைத் தலையில் கட்டிவிட்டார்களா? ஓட்டையை வெல்டு வைத்து அடைத்தால் போதுமா? இன்னும் உயர்ந்த வகையான 316 தகட்டுக்கு மாறினால் தீருமா? இதே தகட்டில் செய்த சூடுநீர்த் தொட்டி ஒன்றும் இருக்கிறது. 80 டிகிரி, மேலே இன்சுலேஷன் போர்த்தியது. அது நன்றாகத்தான் இருக்கிறது.

பதில்:

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது அந்தக் கடைசி வரிதான். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் ஒழுகுகிற தொட்டியைப் பார்ப்போம்.

உங்கள் அல்ட்ராசோனிக் கருவி பொய் சொல்லவில்லை. தகடு அங்கெல்லாம் உண்மையிலேயே 4 மி.மீ. இருக்கிறது. சாதாரண இரும்புத் தொட்டி என்றால் மேனி முழுக்கத் துருப்பிடித்து, வருடத்துக்கு இவ்வளவு என்று தேய்ந்துகொண்டே வரும். தடிமனை அளந்தால் இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று கணக்குப் போட்டுவிடலாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இந்தக் கணக்கு உதவாது. அது பெரும்பாலான இடத்தில் அரிக்கவே அரிக்காது, ஓரிரண்டு புள்ளியில் மட்டும் துளைத்துக்கொண்டு போகும். கருவியின் முனை ஒரு சட்டைப் பொத்தான் அகலம், உங்கள் ஓட்டை ஊசிமுனை அகலம். அது எங்கே கண்ணில் படும்? இருபது மாதத்தில் அந்தத் தொட்டி இழந்த உலோகத்தைத் திரட்டி எடை போட்டால் ஒரு ஸ்பூன்கூடத் தேறாது.

இது ஏன் இப்படி என்பதைச் சொல்லிவிடுகிறேன், மற்ற எல்லாக் கேள்விக்கும் பதில் அதிலிருந்துதான் வருகிறது. இரும்பில் 10.5 சதவீதத்துக்குக் குறையாமல் குரோமியம் இருந்தால், காற்றில் அல்லது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே ஒரு ஆக்சைடு படலம் தானாகவே கட்டிக்கொள்ளும். தடிமன் ஒன்று முதல் மூன்று நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் இது பல்லாயிரத்தில் ஒரு பங்குதான். கீறினால் உடனே திரும்பக் கட்டிக்கொள்ளும். ஸ்டெயின்லெஸ் என்ற பெயர் முழுக்க இந்தப் படலத்தை நம்பித்தான் நிற்கிறது. அதற்கு ஆக்சிஜன் வேண்டும், குளோரைடு ஆகாது. இந்த இரண்டில் எது தவறினாலும் தவறுகிற அந்த இடத்தில் மட்டும் படலம் விட்டுப்போகும்.

குளோரைடு முதலில் கை வைப்பது பலவீனமான இடத்தில். தகட்டுக்குள் மாங்கனீஸ் சல்பைடு என்று நுண்ணிய அழுக்குத் துணுக்குகள் இருக்கும், பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். ஒரு சின்னக் குழி விழுந்ததும் அதற்குள் உலோகம் கரைகிறது. கரைந்த உலோக அயனிகள் நேர்மின்னேற்றம் கொண்டவை என்பதால், அதைச் சமன்செய்ய வெளித் தண்ணீரிலிருந்து இன்னும் குளோரைடு உள்ளே இழுக்கப்படும். அந்த உலோக உப்பு தண்ணீரோடு வினைபுரிந்து அமிலமாகும். வெளியே தண்ணீர் சாதாரணக் குடிநீர் போல இருக்க, குழிக்குள்ளே மட்டும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் தேங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.எச். அளவு ஒன்றுக்குப் பக்கத்தில்கூட இறங்கிவிடும். அமிலம் ஏற ஏற உலோகம் இன்னும் வேகமாகக் கரையும், கரையக் கரைய அமிலம் ஏறும். தொழிலில் பிட்டிங் என்று சொல்வது இதைத்தான்.

உங்களால் முடிந்தால் ஓட்டை விழுந்த இடத்தை ஒரு உள்ளங்கை அளவு வெட்டி எடுங்கள். எப்படியும் வெட்டத்தான் வேண்டும், ஏன் என்று பிறகு சொல்கிறேன். தண்ணீர் பட்ட பக்கத்தில் ஓட்டையின் வாயில் துருநிற மூடி போல ஒரு பொருக்கு இருக்கும். அதைக் குச்சியால் தட்டிவிட்டு ஒரு குண்டூசியை உள்ளே விட்டுப் பாருங்கள். ஊசி நேராகப் போகாது, பக்கவாட்டில் துழாவும். பிறகு ஓட்டையின் நடுவே வருகிற மாதிரி தகட்டை மெதுவாக அறுத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். இப்படி ஒன்றை நான் அறுத்துப் பார்த்தபோது வாய் அரை மில்லிமீட்டர்கூட இல்லை, உள்ளே ஐந்து மில்லிமீட்டர் அகலத்துக்குக் குகை குடைந்திருந்தது. மேல்தகடு பளபளவென்று இருக்க அடியில் கரையான் தின்ற மரம் போல.

சரி, உங்கள் தொட்டிக்குள் குளோரைடு எப்படி வந்தது? நீங்கள்தான் மாதம் ஒருமுறை ஊற்றுகிறீர்கள். பிளீச்சிங் கரைசலில் குளோரைடும் உண்டு, படலத்தை உடைக்கும் வேகத்தைக் கூட்டும் ஆக்சிஜனேற்றியும் உண்டு. குழி அரிப்புக்கு இதைவிடப் பொருத்தமான விருந்து கிடையாது. அறை வெப்பநிலையில் 304 தகட்டுக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரைடு, 316 தகட்டுக்கு 1000 மில்லிகிராம் என்பது தொழிலில் புழங்கும் குத்துமதிப்பு எல்லை. தண்ணீரைச் சோதித்தால் ஒருவேளை எல்லைக்குள்தான் இருக்கும். ஆனால் கழுவிவிட்ட பிறகு அடியில் மிஞ்சும் ஒரு கை கரைசலும், வண்டலுக்கு அடியில் ஊறி நிற்கும் ஈரமும், நீர்மட்டக் கோட்டில் காய்ந்து காய்ந்து கெட்டியாகும் துளியும் அந்த எல்லைக்குள் இல்லை. அடித்தகட்டில் மட்டும் ஓட்டை விழுந்ததற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். கிருமிநாசினி கட்டாயம் என்றால் மருந்தின் அளவைக் குறைத்து, கரைசல் நிற்கும் நேரத்தை அரைமணிக்குள் முடித்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, அடி காயும்வரை வடித்துவிடுங்கள். குளோரின் இல்லாத ஹைட்ரஜன் பெராக்சைடு வகைக்கு மாறிவிட்டால் இன்னும் நல்லது.

கேஸ்கெட்டின் அடியில் பார்த்தது இதன் பங்காளி. இடுக்கு அரிப்பு என்பார்கள். பிட்டிங்குக்கு இல்லாத வசதி இதற்கு உண்டு: குழியை இது தோண்டத் தேவையில்லை, நாமே செய்து கொடுத்துவிடுகிறோம். சில பத்து மைக்ரான் அகல இடுக்கில் தண்ணீர் நுழையும், திரும்பி வராது. உள்ளே இருக்கிற ஆக்சிஜன் தீர்ந்துபோகும். புது ஆக்சிஜன் வர வழியில்லை. படலம் தன்னைச் சரிசெய்துகொள்ள முடியாமல் போகும். அப்புறம் அதே அமிலக் கதைதான். அதனால்தான் பிட்டிங் தொடங்காத தண்ணீரிலும் குறைந்த வெப்பநிலையிலும் இடுக்கு அரிப்பு தொடங்கிவிடும். கடல்நீரில் 316 தகட்டின் திறந்த பரப்பு பளிச்சென்று இருக்க, ஃபிளாஞ்சுக்கு (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்புத் தட்டுக்கு) அடியில் மட்டும் புண்ணாகிக் கிடப்பது ரொம்பச் சாதாரணக் காட்சி. வாஷரின் அடி, விட்டுவிட்டு வைத்த வெல்டிங்கின் இடைவெளி, ஒட்டி நிற்கும் லேபிள், படிந்த வண்டல் எல்லாமே இடுக்குதான். நீர் உறிஞ்சாத கேஸ்கெட்டாக மாற்றுங்கள். அது ஃபிளாஞ்சின் உள்விளிம்போடு சரியாக நிற்க வேண்டும். உள்ளே தள்ளி நின்றால் அங்கே ஒரு பள்ளம், வெளியே துருத்தினால் அதன் அடியில் ஒரு பள்ளம்.

வெல்டிங் பக்கத்துப் பழுப்புக் கோட்டை ஸ்கேலால் அளந்து பார்த்தீர்களா? அதில்தான் விஷயம் இருக்கிறது. கோடு வெல்டிங்கின் விளிம்பிலேயே தொடங்கினால், அது சூட்டில் நிறம் மாறிய படிவத்தை அகற்றாமல் விட்டதன் விளைவு. அந்த நீலம், மஞ்சள் நிறத்துக்கு அடியில் மெல்லிய ஒரு அடுக்கில் குரோமியம் குறைந்துபோயிருக்கும். அல்லது இரும்புக் கம்பி பிரஷால் தேய்த்து இரும்புத் தூளைப் பதித்திருப்பார்கள். இரண்டும் மேலோடு போகிற வியாதி.

கோடு வெல்டிங்கை விட்டுச் சில மில்லிமீட்டர் தள்ளி, வெல்டிங்குக்கு இணையாக ஓடினால் கதை வேறு. உலோகம் என்பது ஒரே கட்டி கிடையாது, நெருக்கி அடைத்த நுண்ணிய படிகங்களின் கூட்டம். 304-ஐ 425 முதல் 850 டிகிரிக்குள் கொஞ்ச நேரம் வைத்தால், உள்ளே இருக்கும் கார்பன் படிகங்களின் எல்லைக்கு வந்து குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு கார்பைடாகிவிடும். எல்லையை ஒட்டிய பகுதியில் குரோமியத்துக்குப் பஞ்சம். பிறகு அரிப்பு அந்த எல்லைகள் வழியாகவே இறங்கும், சுவரில் செங்கல்லை விட்டுக் கலவையை மட்டும் கரைத்தது போல. முற்றினால் படிகங்கள் மணல் மாதிரி உதிரும். வெல்டிங்கில் உலோகம் உருகி நிற்கும் இடத்தில் வெப்பம் இதைவிட மிக அதிகம், தூரத்தில் மிகக் குறைவு. இடையில் ஒரு பட்டை மட்டும் அந்த ஆபத்து வெப்பநிலையில் நின்றுவிடுகிறது. இதைத் தவிர்க்கத்தான் கார்பனை 0.03 சதவீதத்துக்குள் அடக்கிய எல் வகைத் தகடுகள் வந்தன. டைட்டேனியம் சேர்த்த 321, நியோபியம் சேர்த்த 347 வந்ததும் இதற்காகத்தான். என் ஊகத்தைக் கேட்டால், 4 மி.மீ. தகடு சீக்கிரம் ஆறிவிடும் என்பதால் உங்கள் பழுப்புக் கோடு முதலில் சொன்ன, மேலோடு போகிற வியாதியாகத்தான் இருக்கும். ஆனாலும் தகட்டைத் தயாரித்த ஆலை தரும் மில் சான்றிதழில் கார்பன் எவ்வளவு என்று ஒருமுறை பாருங்கள்.

பித்தளை வால்வுக்கு வருவோம். பித்தளையில் துத்தநாகம் 15 சதவீதத்தைத் தாண்டினால், சில தண்ணீரில் துத்தநாகம் மட்டும் கரைந்து வெளியேறி, செம்பு பஞ்சு மாதிரி மிஞ்சும். வடிவம் அப்படியே இருக்கும், திருகு மறைகூடத் தெரியும், பலம் மட்டும் இருக்காது. உங்கள் வால்வு அந்த நிலையில் இருக்கிறது. ஒரு நாள் கைப்பிடியைத் திருப்பும்போது கையோடு வரும். இதில் உங்கள் தொட்டிக்கும் பங்குண்டு. படலத்தோடு இருக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் பித்தளையும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் பித்தளைதான் கரையும், அதுவும் பெரிய தொட்டிக்கு எதிரே ஒரு சின்ன வால்வு.

இந்தப் பெரியது, சிறியது விகிதத்தை ஆங்கிலேயக் கடற்படை பட்டுத் தெரிந்துகொண்டது. 1761-இல் அலார்ம் என்ற போர்க்கப்பலின் மர அடிப்பாகத்துக்குச் செம்புத் தகடு போர்த்தி இரும்பு ஆணி அடித்தார்கள். இரண்டொரு ஆண்டில் திரும்பி வந்தபோது ஆணிகள் அரித்துப்போய்த் தகடுகள் கழன்றுகொண்டிருந்தன. தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் சில இடங்களில் உரிக்கப்படாமல் ஆணிக்கும் செம்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தது. அங்கே மட்டும் ஆணி நன்றாக இருந்தது. அந்த ஆணியைப் பெரிய செம்புப் பரப்பு எப்படித் தின்றதோ, அதே கணக்கில்தான் உங்கள் அடித்தகட்டுக் குழியையும் சுற்றியுள்ள பளபளத் தகடு முழுவதும் சேர்ந்து தின்கிறது. தொட்டியில் வேறு எங்காவது முலாம் பூசிய இரும்பு போல்ட் இருந்தால் அதையும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டாக மாற்றிவிடுங்கள். வால்வை ஸ்டெயின்லெஸ்ஸிலேயே போடுங்கள்.

காந்தம் விஷயத்தில் வியாபாரியைச் சந்தேகிப்பதற்கு முன் எங்கே ஒட்டுகிறது என்று பாருங்கள். 304 காந்தத்தை இழுக்காது என்பது உண்மை. ஆனால் குளிர்நிலையில் வளைத்த, இழுத்த, வெட்டிய இடங்களில் அதன் படிக அமைப்பு கொஞ்சம் மாறி லேசாக இழுக்கும். வெல்டிங்கும் இழுக்கும். தகட்டின் நடுவே சமதளத்தில் வலுவாகப் பிடித்தால் மட்டும் 430 போன்ற வேறு வகை என்று நினைக்கலாம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 304 என்று சொல்லி ஏமாற்ற நினைப்பவர் பெரும்பாலும் கொடுப்பது நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிய 201 வகையை. அதுவும் காந்தத்தை இழுக்காது! காந்தத்தை நம்பினால் நல்ல தகட்டைக் குறை சொல்லி, போலியை உள்ளே விட்டுவிடுவீர்கள். கையில் பிடித்துச் சுடும் எக்ஸ்ரே பகுப்பாய்வுக் கருவி குரோமியம், நிக்கல், மாங்கனீஸ், மாலிப்டினம் எல்லாம் நிமிடத்தில் சொல்லிவிடும். கார்பனை மட்டும் அது காட்டாது, அதற்கு ஆய்வகம்தான்.

இனி பழுது. ஓட்டையின் மேல் ஒரு சொட்டு வெல்டு வைத்து அடைக்காதீர்கள். குகைக்குள் குளோரைடும் துருவும் அடைந்திருக்க, மேலே மட்டும் மூடி போடுவதாகிவிடும். வெல்டிங் நுரைக்கும், விரியும், பக்கத்திலேயே அடுத்த ஓட்டை வரும். சேதமான பகுதியைத் தாராளமாக வெட்டி எடுத்து, மூலைகளை வளைவாக விட்ட புதுத் தகட்டைச் செருகி, 308எல் வெல்டிங் கம்பியால், பின்பக்கம் ஆர்கான் வாயு விட்டு வெல்டு செய்யச் சொல்லுங்கள். இரும்பில் ஓடிய கிரைண்டிங் சக்கரமும் இரும்பு பிரஷும் அந்தப் பக்கமே வரக்கூடாது. முடிந்ததும் பிக்லிங் பேஸ்ட் என்ற அமிலப் பசையைப் போட்டுச் சூட்டு நிறத்தை முழுக்க எடுக்க வேண்டும். அந்த பேஸ்ட்டில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கிறது. தோலில் பட்டால் முதலில் வலிகூடத் தெரியாமல் எலும்புவரை இறங்கும். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் டப்பாவைத் திறக்க விடாதீர்கள். தொட்டிக்குள் வேலை என்றால் காற்றோட்டமும் வெளியே காவலுக்கு ஒரு ஆளும் கட்டாயம். செலவு மிச்சம் என்று கழிப்பறை கழுவும் அமிலத்தை மட்டும் யாராவது கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள், அது சுத்தமான குளோரைடு.

316-க்கு மாறலாமா என்று கேட்டீர்கள். குழி அரிப்பைத் தாங்கும் திறனை ஒப்பிட ஓர் எண் இருக்கிறது. குரோமியத்தின் சதவீதத்தோடு மாலிப்டினத்தை 3.3 மடங்கும் நைட்ரஜனை 16 மடங்கும் கூட்டிச் சொல்வது. 304-க்கு ஏறக்குறைய 19, 316-க்கு 24, டூப்ளெக்ஸ் என்ற வேறு குடும்பத்தைச் சேர்ந்த 2205-க்கு 35. அதாவது 316 கொஞ்சம் அதிகம் தாங்கும். பிளீச்சிங் பழக்கமும் வண்டலும் அதே கேஸ்கெட்டும் தொடர்ந்தால், இருபது மாதத்தில் வந்தது கூடுதலாகச் சில மாதம் கழித்து வரும். முதலில் பழக்கத்தை மாற்றுங்கள். பல தொட்டிகளுக்கு 304-ஏ போதும்.

இப்போது அந்தச் சூடுநீர்த் தொட்டி. 304, 316 வகைகளில் குளோரைடும், இழுவிசையும், ஏறக்குறைய 60 டிகிரிக்கு மேல் சூடும் ஒன்றுசேர்ந்தால் குழி விழுவதோடு நிற்காது, விரிசல் விடும். இழுவிசைக்கு வெளியிலிருந்து சுமை வேண்டியதில்லை, வெல்டிங் ஆறும்போது தகட்டுக்குள் பூட்டிக்கொண்ட விசையே தாராளம். உங்கள் தொட்டியில் மூன்றும் இருக்கக்கூடும். உள்ளே மட்டும் பார்த்தால் போதாது. இன்சுலேஷனின் வெளித்தகட்டில் எங்காவது இணைப்பு விட்டிருந்தால் மழைநீரும் கழுவும் நீரும் உள்ளே இறங்கி, சூடான சுவரில் காய்ந்து, கொண்டுவந்த உப்பையெல்லாம் அங்கேயே விட்டுப்போகும். இன்சுலேஷன் பஞ்சிலிருந்தும் குளோரைடு ஊறி வரும். விரிசல் மரத்தின் வேர் போலக் கிளைத்துக்கொண்டே தகட்டைக் கடக்கும். தடிமன் குறையாது, பளபளப்பு குறையாது, பல நேரம் துருக்கூட வராது.

60 டிகிரி என்பதையும் உறுதியான வேலியாக நினைக்க வேண்டாம். 1985-இல் சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் ஒரு உள்ளரங்க நீச்சல்குளத்தின் கான்கிரீட் உட்கூரை இடிந்து விழுந்து 12 பேர் இறந்தார்கள். கூரையைத் தாங்கிய ஸ்டெயின்லெஸ் கம்பிகள் குளத்துக் காற்றில் இருந்த குளோரின் சேர்மங்களால் இப்படி விரிசல் விட்டிருந்தன. அங்கே 60 டிகிரி எங்கே இருந்தது?

ஆகவே ஒழுகுகிற தொட்டியை ஒரு வாளி வைத்துவிட்டுக்கூடக் காத்திருக்கச் சொல்லலாம். இதை அப்படி விடாதீர்கள். ஆலையை அடுத்த முறை நிறுத்தும்போது சூட்டைத் தணித்து, தண்ணீரை வடித்து, அடிப்பகுதி, குழாய் வெளிவரும் இடங்கள், தாங்கி வெல்டு செய்த இடங்கள் ஆகியவற்றில் இன்சுலேஷனை உரித்து, விரிசலுக்குள் ஊறி அதைச் சிவப்பாகக் காட்டும் டை பெனட்ரன்ட் சாயம் போட்டுப் பாருங்கள். குளோரைடு குறைந்த வகை பெனட்ரன்ட் என்று கேட்டு வாங்க வேண்டும். உள்ளே நீர்மட்டக் கோட்டிலும் அதே சோதனை. சிவப்புக் கோடு கிளை விட்டுத் தெரிந்தால் அதன் மேல் வெல்டு வைக்க வேண்டாம், வைக்க வைக்க விரிசல் முன்னால் ஓடும். அந்தத் துண்டை அகற்றத்தான் வேண்டும். புதிதாகச் செய்வதாக இருந்தால் 316-ஐ மறந்துவிட்டு 2205 அல்லது 444 வகையைக் கேளுங்கள். இந்தச் சூட்டில் குளோரைடு விரிசலுக்கு அவை எளிதில் மசிவதில்லை. ஒன்றும் தெரியவில்லை என்றால் வெளிச்சுவருக்குத் துத்தநாகம் கலக்காத, சூடு தாங்கும் பெயின்ட் அடித்து, குளோரைடு குறைந்த காய்ந்த இன்சுலேஷனைப் போர்த்தி, வெளித்தகட்டின் இணைப்புகளை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டு மூடுங்கள். சோதனை முடியும்வரை அந்தத் தொட்டியின் பக்கத்தில் யாரும் உட்கார்ந்து வேலை பார்க்காதபடி இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.